கொலோனோஸ்கோப்பிக்கு அம்மாவை அழைத்துப் போகிறேன்: மறைப்பு, சுத்தம் பற்றி யாரிடம் என்ன கேட்க வேண்டும்?

காவிரிக்கரை (கேள்வி)

அம்மாவுக்கு 64 வயது, கும்பகோணத்தில் இருக்கிறார். ரத்தசோகை சரியாகாமல் இருப்பதால் குடல் மருத்துவர் கொலோனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்யச் சொல்லியிருக்கிறார். வருகிற வாரம் தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில், காலை 11 மணிக்கு. அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். சர்க்கரை நோய் உண்டு, மாத்திரை மட்டும்தான். மூட்டுவலியும் இருக்கிறது.

ஊசி, வலி பற்றியெல்லாம் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. "ஆம்பளைங்க நிக்கிற இடத்துல துணிய அவுத்துட்டுப் படுக்கணுமா? மயக்கத்துல அசிங்கம் ஆயிட்டா யாரு தொடைப்பாங்க?" இதையேதான் திரும்பத் திரும்பக் கேட்கிறார். இதனாலேயே வரமாட்டேன் என்கிறார். மருத்துவமனைக்குப் போன் செய்தால் ரிசப்ஷனில் "அதெல்லாம் சிஸ்டர் பாத்துக்குவாங்க" என்பதோடு முடித்துவிடுகிறார்கள்.

அந்த அறைக்குள் உண்மையில் எவ்வளவு மறைப்பு சாத்தியம்? பெண் பணியாளர் வேண்டும் என்று கேட்கலாமா? எல்லோருக்கும் ஒரே குழாயைத்தானே விடுகிறார்கள், அது சுத்தமாக இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? முந்தின இரவு மருந்து குடித்துவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் காரில் போக வேண்டியதையும் யோசித்துச் சொல்லுங்கள்.

---

நான்காம்_அறை (எண்டோஸ்கோப்பி, அதாவது உடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் பிரிவின் செவிலியர்)

அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். இந்தப் பரிசோதனைக்குத் தெரிய வேண்டியது ஆசனவாயும் அதைச் சுற்றிக் கையகல இடமும் மட்டும்தான். மார்பு, வயிறு, முன்தொடை எதுவும் திறந்திருக்கத் தேவையில்லை. அதற்கு மேல் திறந்து கிடந்தால் அங்கே யாரோ அசட்டையாக இருக்கிறார்கள் என்று அர்த்தம், மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது.

ரிசப்ஷனை விட்டுவிடுங்கள். "எண்டோஸ்கோப்பி ரூம் இன்சார்ஜ் சிஸ்டரிடம் பேச வேண்டும்" என்று கேளுங்கள். கேஸ்கள் முடிந்திருக்கும் பிற்பகல் 3 மணிக்கு மேல் கூப்பிட்டால் நின்று பேசுவார்கள். பொதுவாக "பிரைவசி இருக்குமா" என்று கேட்டால் "இருக்கும்" என்றுதான் பதில் வரும். குறிப்பாகக் கேளுங்கள்: பின்பக்கம் திறப்புள்ள டிஸ்போசபிள் ஷார்ட்ஸ் தருவீர்களா? உடை மாற்றத் தனி அறையா, ஸ்க்ரீன் மட்டுமா? அன்று அறைக்குள் பெண் செவிலியர் ஒருவர் முழு நேரமும் இருப்பாரா? அந்தப் பிரிவிலேயே கழிவறை இருக்கிறதா, வெஸ்டர்னா? மயக்கம் தெளியும் இடத்தில் (ரெக்கவரி) ஆண், பெண் கட்டில்களுக்கு நடுவே திரை உண்டா?

ஷார்ட்ஸ் தருவதில்லை என்றால் சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும், வாங்கிப் போகலாம். இடுப்புச் சுற்றளவுக்கு ஒரு அளவு கூடுதலாகவே எடுங்கள். போடும்போது திறப்பு பின்பக்கம் வருகிறதா என்று நீங்களே பாருங்கள். முன்பின் மாற்றிப் போட்டுவிட்டு, மயக்கம் கொடுத்த பிறகு கண்டுபிடித்தால், அப்போது கத்தரித்து எடுப்பதைத் தவிர வழியில்லை. எதற்காக வாங்கினோமோ அதுவே வீணாகிவிடும்.

மருத்துவமனை கவுன் முதுகுப் பக்கம் நாடா கட்டுவது. நின்றால், நடந்தால் விலகும். இரண்டு கவுன் கேளுங்கள். ஒன்று வழக்கம்போல், மற்றதைச் சட்டை போடுவதுபோல் முன்பக்கம் திறப்பு வரும்படி மேலே போட்டால் பின்புறம் மூடிவிடும். கழிவறைக்கு நடந்து போகும்போதும் காத்திருக்கும்போதும் இது பெரிய ஆறுதல். கட்டிலில் படுத்ததும் மேல் கவுனை எடுத்துவிட்டு, இடுப்பிலிருந்து பாதம் வரை ஒரு போர்வை. ஏசி அறையில் குளிரும் என்பதால் இது இரட்டை உபயோகம். நடுங்கினால் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானிட்டரும் சரியாகக் காட்டாது.

உடை மாற்றிய பிறகுதான் கையில் வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் குத்தி வைக்கும் சிறு பிளாஸ்டிக் குழல்) போட வேண்டும். முதலில் ஊசி போட்டுவிட்டு, பிறகு ஜாக்கெட்டைக் கழற்ற முடியாமல் தவிப்பதும் டியூபைப் பிடுங்கிக்கொள்வதும் பல இடங்களில் நடக்கிறது. இடதுபக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுக்க வைப்போம். இடது கை உடம்புக்கு அடியில் போவதால் ஊசி பெரும்பாலும் வலது கையில்தான். ஆகவே வலது கை வளையலை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். மூட்டுவலி இருப்பதைச் சொன்னால் இரண்டு முழங்காலுக்கும் நடுவே தலையணை வைப்பார்கள்.

அறைக்குள் யார் இருக்கத் தேவை? ஸ்கோப்பை, அதாவது கேமராக் குழாயைப் பிடிக்கும் மருத்துவர், அவருக்கு உதவி செய்யும் டெக்னீஷியன், ஒரு செவிலியர், மயக்க மருத்துவர். நான்கு பேர். கம்பெனி பிரதிநிதி, வேடிக்கை பார்க்க வந்த அடுத்த வார்டு ஊழியர், ஸ்ட்ரெச்சர் தள்ளி வந்தவர், இவர்களுக்கு அங்கே வேலையில்லை. மாணவர்கள் என்றால் உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், வேண்டாம் என்று சொல்லலாம். மருத்துவரும் டெக்னீஷியனும் ஆண்களாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை மறைக்காமல் இப்போதே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், கூடவே "ஒரு சிஸ்டர் உன் தலைமாட்டிலேயே இருப்பாங்க" என்பதையும். அங்கே போய் முதல்முறை தெரிய வந்தால்தான் திரும்பிப் போய்விடுவார்கள்.

இன்னும் ஒன்றையும் பலர் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஸ்கோப் விடுவதற்கு முன் மருத்துவர் ஜெல் தடவிய விரலால் ஆசனவாயைப் பரிசோதிப்பார். நடுவில் குடல் வளைவில் ஸ்கோப் சுருண்டுகொண்டால், உதவியாளர் அடிவயிற்றைக் கையால் அழுத்துவார். லேசான மயக்கத்தில் இருப்பவருக்கு இது தெரியும். எதற்கென்று தெரியாமல் ஒரு கை வயிற்றில் பட்டால் பயந்து போவார்கள். தொடுவதற்கு முன் வாய்விட்டுச் சொல்வது செவிலியரின் வேலை. அதையும் கேட்டு வையுங்கள்.

துடைப்பது யார் என்ற கேள்விக்கு நேரான பதில்: நாங்கள்தான். வயிறு சுத்தமாக இருந்தால் வெளியே வருவது பெரும்பாலும் மஞ்சள் தண்ணீரும் ஜெல்லும்தான். அடியில் 60க்கு 90 செ.மீ. அண்டர்பேட் (ஈரம் உறிஞ்சும் விரிப்பு) இரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக விரித்திருக்க வேண்டும். முடிந்ததும் மேலுள்ளதை இழுத்துவிட்டால் நோயாளியைப் புரட்டாமலே காய்ந்த படுக்கை கிடைத்துவிடும். ஈர வைப்ஸால் முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். பின்னிருந்து முன்னால் துடைத்தால் குடல் கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போகும், சர்க்கரை உள்ள பெண்களுக்கு இது எளிதில் தொற்றில் முடியலாம். துடைத்து, காய வைத்து, போர்த்திய பிறகுதான் கட்டில் அந்த அறையை விட்டு நகர வேண்டும். ஈரத்தோடு ரெக்கவரியில் கொண்டுபோய்த் தள்ளுவது, "மக வந்து கிளீன் பண்ணிக்குவாங்க" என்பது, இரண்டையும் ஏற்க வேண்டியதில்லை.

வீட்டு வேலைக்கு வருகிறேன். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறாரா? ரத்தசோகை என்றதால் கேட்கிறேன். அது மலத்தைக் கறுப்பாக்கிக் குடலில் ஒட்டிக்கொள்ளும், 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இன்றே மருத்துவரிடம் கேளுங்கள். கடைசி 2, 3 நாள் கீரை, கொய்யா, தக்காளி விதை, வெண்டைக்காய், சிறுதானியம் வேண்டாம். குழைந்த சாதம், இட்லி, தோல் நீக்கிய உருளைக்கிழங்கு போதும். மருந்து குடிக்க ஆரம்பித்த பிறகு தெளிந்த நீர் மட்டும். பீட்ரூட், மாதுளை, திராட்சை போன்ற சிவப்புச் சாறு எதுவும் கூடாது, ஸ்கோப்பில் ரத்தம் போலவே தெரியும்.

பெக் பொடி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பேதி மருந்து) 2 லிட்டர் என்று எழுதியிருந்தால், இரவு 7 மணிக்கு ஒரு லிட்டர், விடிகாலை 5.30க்கு மற்ற லிட்டர். கால் லிட்டர் டம்ளர் ஒன்றை 10, 15 நிமிடத்தில் முடித்து அடுத்ததுக்குப் போக வேண்டும். 7 மணிக்குள் முடித்தால் 9 மணிக்குள் ஓட்டம் பெரும்பாலும் அடங்கிவிடும், 9.15க்குக் கிளம்பலாம். முழுவதையும் முந்தின இரவே குடித்துவிட்டால் தூக்கமும் கெடும், காலைக்குள் சிறுகுடலிலிருந்து இறங்கும் பித்தக் கழிவு பெருங்குடலில் மறுபடி படிந்துவிடும். பொடியில் சர்க்கரை கலக்காதீர்கள். குளிரவைத்துக் குடித்து, நடுவில் எலுமிச்சைத் துண்டை நாக்கில் தொட்டுக்கொண்டால் குமட்டல் குறையும்.

ஏழெட்டு முறை போனால் தோல் எரியும். முதல் டம்ளருக்கு முன்பே ஆசனவாயைச் சுற்றி வாசலின் மெல்லியதாகத் தடவிவிடுங்கள், எரிந்த பிறகு தடவினால் பாதிப் பலன்தான். தேய்த்துத் துடைக்காமல் தண்ணீரால் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஆனால் புறப்படும் காலையில் தொடையில், இடுப்பில் எண்ணெய், பவுடர், வாசலின் எதுவும் கூடாது. குடலில் கட்டி இருந்து அதை அகற்றக் கரண்டுக் கம்பி பயன்படுத்தினால் தொடையில் ஒரு பிளேட் ஒட்டுவோம். எண்ணெய்ப் பசையில் அது முழுதாக ஒட்டாமல் ஓரம் தூக்கினால் அந்த இடத்தில் தோல் சுட்டுவிடும்.

இரவு கழிவறை விளக்கு எரியட்டும். வழியில் மிதியடி, வாளி கிடக்கக் கூடாது. நாற்காலிக் கமோடு ஒன்று வாடகைக்குக் கிடைத்தால் கட்டில் பக்கத்தில் வையுங்கள், மூட்டுவலியோடு ஓடி விழுவதுதான் இந்த இரவின் உண்மையான ஆபத்து. காருக்கு ஜட்டிபோல் மாட்டும் பெரியவர் டயப்பர், சீட்டில் ஒரு அண்டர்பேட், மாற்று டயப்பர் இரண்டு, ஒரு பாட்டில் தண்ணீர், மூடிக் கட்டும் பை.

கடைசியாகப் போனது சிறுநீர்போல் தெளிந்த மஞ்சளாக இருந்தால் தயார். கலங்கலாக, திப்பியோடு இருந்தால் வெட்கப்படாமல் காலை 8 மணிக்கே பிரிவுக்குப் போன் செய்யுங்கள். எனிமா கொடுத்தோ நேரத்தைத் தள்ளியோ சமாளிக்கலாம். மறைத்து வந்தால் பாதியில் நிறுத்தி, எல்லாவற்றையும் இன்னொரு நாள் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.

---

காவிரிக்கரை

மிக்க நன்றி சிஸ்டர், அம்மாவுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். இரும்பு மாத்திரை சாப்பிடுகிறார், இன்றே மருத்துவரிடம் கேட்டுவிடுகிறேன். தாலியைக் கழற்றச் சொல்வார்களா என்று இப்போது கேட்கிறார்.

---

நான்காம்_அறை

பல இடங்களில் எல்லா நகையையும் கழற்றச் சொல்வார்கள். தொலைந்துபோனால் யார் பொறுப்பு என்பதுதான் அதில் பாதி. கரண்டு பாயும் பாதை குடலிலிருந்து தொடை பிளேட் வரை. அதனால் நாங்கள் கண்டிப்பாகக் கழற்றச் சொல்வது இடுப்பில் இருக்கும் வெள்ளி அரைஞாண், மெட்டி, கொலுசு. தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லை என்றால் இன்சார்ஜிடம் முன்பே சொல்லுங்கள். மஞ்சள் கயிற்றில் மாற்றிக் கட்டிக்கொண்டு வரலாம், அல்லது கழுத்தோடு டேப் போட்டு ஒட்டிவிடலாம். பொட்டு, பூ பற்றி ஒன்றுமில்லை. ஒரு விரலிலாவது நகப்பூச்சும் கருத்த மருதாணியும் இல்லாமல் இருக்கட்டும். பல்செட் இருந்தால் பெயர் எழுதிய டப்பா கொண்டு வாருங்கள்.

---

குழாய்_துப்புரவு (எண்டோஸ்கோப்பி டெக்னீஷியன்)

குழாய் பற்றிய கேள்விக்கு நான் சொல்கிறேன். ஆம், ஒரே ஸ்கோப்தான் பலருக்கும். அதைக் கொதிக்க வைக்கவோ ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலன்) போடவோ முடியாது, உள்ளே இருக்கும் ரப்பரும் கேமராவும் கெட்டுவிடும். அதனால் உயர்நிலைக் கிருமிநீக்கம் என்ற முறை. ஒழுங்காகச் செய்தால் பாதுகாப்பானது. அதில் எந்தப் படியும் விடுபடக் கூடாது என்பதுதான் விஷயம்.

நோயாளி உடம்பிலிருந்து ஸ்கோப் வெளியே வந்த அதே நிமிடம், கட்டில் பக்கத்திலேயே, வெளிப்புறத்தை என்சைம் திரவம் நனைத்த துணியால் துடைத்து, அதே திரவத்தைத் தெளிவாக வரும்வரை உள் குழாய் வழியே உறிஞ்ச வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால் மலமும் சளியும் உள்ளே காய்ந்து பிசின் மாதிரி படலமாகிவிடும். பிறகு எந்தக் கிருமிநாசினியாலும் அந்தப் படலத்துக்குள் போக முடியாது. அடுத்து மூடிய தட்டில் கழுவும் அறைக்கு. அங்கே காற்றடைத்துக் கசிவு பார்ப்போம். குமிழி வந்தால் உறையில் ஓட்டை, அந்த ஸ்கோப் அன்று வேலைக்கு ஆகாது. பிறகு வால்வுகளைக் கழற்றி, திரவத்துக்குள் முழுக வைத்து, ஒவ்வொரு குழாயையும் பிரஷ் அழுக்கில்லாமல் வெளியே வரும்வரை தேய்ப்பது. முழு வேலையில் மிக முக்கியமான கட்டம் இந்தக் கைத்தேய்ப்புதான். அவசரத்தில் முதலில் குறைவதும் இதுதான்.

அலசிவிட்டுக் கிருமிநாசினியில் ஊறல். 2 சதவீத குளுட்டரால்டிஹைடு என்ற திரவம் என்றால் 20 டிகிரியில் 20 நிமிடம், 0.55 சதவீத ஓபிஏ என்ற இன்னொரு திரவம் என்றால் அதே வெப்பத்தில் 12 நிமிடம். குழாய்க்குள் சிரிஞ்சால் நிரப்பிக் காற்றுக் குமிழி இல்லாமல் பார்க்க வேண்டும், குமிழி நிற்கும் இடத்தில் மருந்து படாது. திரவத்தின் வீரியத்தை டெஸ்ட் ஸ்ட்ரிப் நனைத்துத் தினமும் சோதிக்க வேண்டும். அதன் பிறகு வடிகட்டிய சுத்தமான நீரில் நன்றாக அலசி, 70 சதவீத ஆல்கஹால் செலுத்தி, காற்றடித்துக் காயவைத்து, வால்வு மாட்டாமல் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். ஈரத்தோடு சுருட்டிப் பெட்டியில் வைத்தால் இரவுக்குள் தண்ணீரில் வளரும் கிருமிகள் பெருகிவிடும். அலசல் போதாமல் குளுட்டரால்டிஹைடு மிச்சமிருந்தால் அடுத்த நோயாளியின் குடல் புண்ணாகும். பரிசோதனைக்குப் பின் இரண்டு நாளுக்குள் வயிற்று முறுக்கும் ரத்தம் கலந்த பேதியும் வந்தால் இதையும் யோசிக்க வேண்டும்.

இதையெல்லாம் நீங்கள் உள்ளே நின்று பார்க்க முடியாது. ஆனால் கணக்குப் போடலாம். கையால் செய்தால் ஒரு ஸ்கோப் ஒரு சுற்று முடிக்கக் கிட்டத்தட்ட 50 நிமிடம். பரிசோதனைக்கு அரை மணி. ஆக ஒரு ஸ்கோப் 80 நிமிடத்துக்கு ஒரு நோயாளிதான். இரண்டு ஸ்கோப் வைத்துக்கொண்டு காலை 4 மணி நேரத்தில் 6 பேர். "உங்களிடம் எத்தனை கொலோனோஸ்கோப் இருக்கிறது, காலையில் எத்தனை கேஸ்?" என்று இன்சார்ஜிடம் கேளுங்கள். இரண்டு ஸ்கோப்பில் 12 கேஸ் என்றால் எங்கோ நிமிடங்களை வெட்டுகிறார்கள். கழுவும் மெஷின் இருந்தாலும் அதற்கு முன் கைத்தேய்ப்பு உண்டு, நேரம் பெரிதாகக் குறைந்துவிடாது.

இரண்டாவதாக, எந்த ஸ்கோப் எந்த நோயாளிக்கு, யார் கழுவினார், ஸ்ட்ரிப் முடிவு என்ன என்று பதிவேடு இருக்க வேண்டும். ஸ்கோப்பின் சீரியல் எண்ணை ரிப்போர்ட்டில் எழுதித் தரச் சொல்லலாம். தயங்காமல் எழுதித் தரும் இடத்தில் பதிவேடும் ஒழுங்காக இருக்கும். மூன்றாவது, சதைத் துணுக்கு எடுக்கும் ஃபோர்செப்ஸ் (இடுக்கி) திசுவைக் கிழிப்பது, அதற்கு ஊறல் போதாது. புதிதாக இருக்க வேண்டும் அல்லது முழு ஸ்டெரிலைசேஷன் ஆகியிருக்க வேண்டும். பில்லில் போட்டிருந்தால் உங்கள் கண்முன்னே உறை பிரிக்கச் சொல்லுங்கள்.

---

சொட்டுமருந்து (மயக்க மருத்துவர்)

மேலே சொன்னதோடு ஊசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2008இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் ஒரு எண்டோஸ்கோப்பி மையத்தில் ஹெபடைடிஸ் சி (ரத்தத்தால் பரவும் கல்லீரல் தொற்று) பரவியதை விசாரித்தபோது, பயன்படுத்திய சிரிஞ்சை மறுபடி மருந்துக் குப்பியில் விட்டதும், ஒரே நோயாளிக்கான புரோபோஃபால் என்ற மயக்க மருந்துக் குப்பியைப் பலருக்குப் பகிர்ந்ததும்தான் வழி என்று தெரிந்தது. எல்லோரும் குழாயையே சந்தேகிப்பார்கள், குப்பியை யாரும் பார்ப்பதில்லை. "எங்க அம்மாவுக்குப் புது சிரிஞ்ச், புது குப்பிதானே டாக்டர்?" என்று கேட்டால் எந்த மயக்க மருத்துவரும் கோபப்படக் கூடாது.

சர்க்கரைக்கு எந்த மாத்திரை என்று பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று "கிளிஃப்ளோசின்" என முடியும் வகை இருந்தால் 3 நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும், பட்டினியோடு சேர்ந்து ரத்தத்தில் அமிலம் கூடும். சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டினாலும் இது நடக்கலாம் என்பதால் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். மற்ற சர்க்கரை மாத்திரைகளை அன்று காலை பொதுவாக நிறுத்துவார்கள். மருத்துவரிடம் பெயர் சொல்லி எழுதி வாங்குங்கள், நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். பி.பி. மாத்திரை இருந்தால் அதையும் அவரிடமே கேளுங்கள். நீர் பிரியும் மாத்திரை பேதியோடு சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் மருந்து குடிக்கும் நேரத்தில் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். 70க்குக் கீழே வந்தால் அரை டம்ளர் தண்ணீரில் 3 டீஸ்பூன் சர்க்கரை. வாய்வழியாக எதுவானாலும் பரிசோதனைக்கு 2 மணி நேரம் முன்பு வரைதான். அதற்குப் பிறகு தாழ்ந்தால் குடிக்க வேண்டாம், உடனே செவிலியரிடம் சொன்னால் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள்.

மயக்கமும் மரியாதையும் தொடும் இடம் ஒன்று உண்டு. மிடசோலம் என்ற தூக்க ஊசி போட்டவர்கள் சிலநேரம் வாய் உளறுவார்கள், குடும்ப விஷயம்கூட வந்துவிடும். அது அந்த அறையோடு போய்விட வேண்டும், அதைச் சொல்லிச் சிரிப்பது தவறு. அதே மருந்து நினைவையும் மங்க வைப்பதால், கண் திறந்தவுடன் மருத்துவர் சொன்ன முடிவு அம்மாவுக்கு மறந்துவிடும். "முழுசாத் தெளிஞ்ச பிறகு அம்மாகிட்ட நேரா சொல்லுங்க, நானும் கூட இருக்கேன்" என்று கேளுங்கள். அவர் தூங்கும்போதே உறவினரிடம் வராந்தாவில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. உடம்பு அவருடையது. கையெழுத்தும் மயக்க ஊசிக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

உள்ளே போகும் கடைசி நிமிடத்தில் சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள். நிரம்பிய சிறுநீர்ப்பையாலும் படுக்கை நனையும்.

---

உரிமைப்பட்டியல்

பெண் பணியாளரைக் கேட்கலாமா என்றால், கேட்பது சலுகை கோருவதாகாது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தை மத்திய சுகாதார அமைச்சகம் 2018இல் வெளியிட்டது, 2019இல் மாநிலங்களுக்கு அனுப்பிக் கடைப்பிடிக்கச் சொன்னது. பெண் நோயாளியை ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்பது அதில் தெளிவாக உண்டு.

சம்மதப் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். கொலோனோஸ்கோப்பிக்கு மட்டும் கையெழுத்தா, துணுக்கு எடுக்கவும் கட்டி தெரிந்தால் அகற்றவும் சேர்த்தா என்று பாருங்கள். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்கும் சேர்ந்துவிடாது என்று 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சிறு கட்டியை அதே நேரத்தில் எடுப்பதுதான் நோயாளிக்கும் நல்லது, இரண்டாம் முறை பேதி மருந்து வேண்டாம். ஆகவே யோசித்து முன்பே சம்மதியுங்கள். படம் எடுப்பது பற்றிய வரி இருந்தால், அது குடலின் உட்புறப் படம் மட்டும்தானா என்று கேளுங்கள். அறைக்குள் யாருடைய போனும் கேமராவாக மாறக் கூடாது.

முன்கூட்டி எச்.ஐ.வி. பரிசோதனை எழுதியிருந்தால், 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கும் விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், முடிவு ரகசியம். ஃபைல் அட்டையில் சிவப்பு மையில் எழுதுவதும் கட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டுவதும் சட்டவிரோதம். எல்லா நோயாளிக்குப் பிறகும் ஸ்கோப்பை ஒரே மாதிரிக் கழுவும் இடத்தில் யாரையும் "கடைசி கேஸ்" ஆக்கத் தேவையே இல்லை.

எனக்கு ஒரு கேள்வி. மகளையே உள்ளே நிற்க விட்டால் பாதிப் பயம் போய்விடுமே, ஏன் மறுக்கிறார்கள்?

---

நான்காம்_அறை

மயக்க ஊசி ஏறும்வரை மகள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், நான் அதற்கு முழு ஆதரவு. ஸ்கோப் உள்ளே போன பிறகு வேண்டாம் என்பேன். அறை சிறியது, மூச்சு தணிந்தால் நொடியில் தலைமாட்டுக்கு ஓட வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கும் உறவினர் மயங்கி விழுந்தால் எங்கள் கவனம் இரண்டாகும். சாதாரணமாக ஆக்சிஜன் அலாரம் அடித்தாலும் வெளியாள் பதறிப்போவார்.

காது கேளாதவர், மறதி நோய் உள்ளவர் என்றால் கணக்கு வேறு. அவர்களுக்குத் தெரிந்த முகம் இல்லாவிட்டால் மிரண்டு கையை உதறுவார்கள், மருந்தின் அளவு கூடும். அங்கே ஒருவரைத் தலைமாட்டில் உட்கார வைப்பதே நல்லது. ரெக்கவரிக்கு வந்ததும் மகளைக் கூப்பிடச் சொல்லுங்கள், இதை மறுக்கக் காரணமே இல்லை.

ரெக்கவரியில் காற்றுப் பிரியும், சத்தமாகவே பிரியும். அடக்கினால் வயிறு உப்பி வலிக்கும், வாந்தி வரும். அம்மாவிடம் இதை இன்றே சொல்லிவிடுங்கள், அங்கே எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள். சாதாரணக் காற்றுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு ஊதும் இடமா என்று கேளுங்கள். அது குடலிலிருந்து ரத்தத்துக்குப் போய் மூச்சோடு வெளியேறிவிடும், உப்பல் வெகுவாகக் குறையும். முதல்முறை கழிவறைக்குத் தனியாக விடாதீர்கள். கதவைத் தாழிடாமல் சாத்திவிட்டு வெளியே நில்லுங்கள்.

---

காவிரிக்கரை

இன்சார்ஜ் சிஸ்டரிடம் பேசிவிட்டேன். 3 ஸ்கோப், காலையில் 7 கேஸ் என்றார். ஷார்ட்ஸ் அவர்களே தருகிறார்கள். பெண் செவிலியர் இருப்பார் என்று அம்மா பெயருக்கு எதிரே குறித்துக்கொண்டதாகவும் சொன்னார். அம்மா வருகிறேன் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

---

சொட்டுமருந்து

நல்ல எண்ணிக்கை. அன்று முழுவதும் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு அடுப்பு, வண்டி, பத்திரக் கையெழுத்து வேண்டாம். முதலில் இளஞ்சூடான கஞ்சி, பிறகு இட்லி. நிறுத்திய மாத்திரைகளை எப்போது தொடங்குவது என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்குங்கள், குறிப்பாக ரத்தம் உறையாமல் இருக்க எதாவது சாப்பிட்டால்.

மலம் இரண்டு, மூன்று நாள் கழித்துத்தான் போகும், அதற்கு மருந்து எதுவும் தேவையில்லை. துணுக்கு எடுத்திருந்தால் துடைக்கும்போது லேசாக ரத்தக் கறை தெரியலாம். ஆனால் வயிறு பலகைபோல் கெட்டியாகி வலி கூடிக்கொண்டே போவது, காய்ச்சல், நிற்காத வாந்தி, கட்டியாகவோ திரும்பத் திரும்பவோ ரத்தம் போவது, மயக்கம், இவற்றில் ஒன்று வந்தாலும் காலைவரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு. கட்டி அகற்றியிருந்தால் இரண்டு வாரம்வரைகூட ரத்தக்கசிவு வரலாம், அதுவரை வெளியூர்ப் பயணம் வைக்காதீர்கள். அவசரப் பிரிவுக்குப் போனால் ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். எந்த இடத்தில் என்ன எடுத்தார்கள், எந்த ஸ்கோப், என்ன மயக்க மருந்து என்று அதில் இருப்பதைப் பார்த்தே அங்குள்ள மருத்துவர் அடுத்த அடியை முடிவு செய்வார்.